மின்கோபுரமா, புதைவடமா: அரசு முதலில் எழுத வேண்டிய விதி எது?

வயலில் கோபுரத்துக்குக் குழி தோண்ட எந்திரம் வந்து நின்ற பிறகுதான் பெரும்பாலான இடங்களில் வாக்குவாதம் தொடங்குகிறது. “மின்கம்பியை மண்ணுக்கடியில் கொண்டுபோக வேண்டியதுதானே?” என்று நிலத்துக்காரர் கேட்கிறார். “கட்டுப்படியாகாது” என்கிறார் மின் நிறுவனத்தின் பொறியாளர். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் அதற்குள் வழித்தடம் வரைபடத்தில் உறைந்துவிட்டது; ஒப்பந்தப்புள்ளி முடிந்துவிட்டது; எஃகும் வந்து இறங்கிவிட்டது. அந்தக் கட்டத்தில் யார் ஜெயித்தாலும் மற்றவருக்கு அது அநியாயமாகவே தெரியும்.

மின்பாதைகளுக்கான திட்டமிடல் கொள்கை என்று அரசுகள் எழுதி வைப்பது, இந்த வாக்குவாதத்தைச் சில ஆண்டுகள் முன்னால் இழுத்து வந்து நடத்துவதற்கான ஏற்பாடு. எது இயல்பு, எது விதிவிலக்கு, விதிவிலக்கு கேட்பவர் எதை நிரூபிக்க வேண்டும் என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பிரிட்டன் கோபுரத்தை இயல்பாக வைத்தது. ஜெர்மனி, தன் பெரிய நேர்மின்னோட்ட (டி.சி.) பாதைகளுக்கு, மண்ணுக்கடியில் போகும் புதைவடத்தை இயல்பாக வைத்துப் பார்த்தது. நியூசிலாந்து ஏற்கெனவே நிற்கும் பாதைகளைச் சுற்றியே யோசித்தது. இந்தியா இழப்பீட்டைப் பற்றி விரிவாக எழுதி, வழித்தடத் தேர்வைப் பற்றி அதிகம் எழுதாமல் விட்டது. புதிதாகக் கொள்கை எழுதும் ஓர் அரசு இவற்றில் எதை எடுத்துக்கொள்ளலாம்?

கேள்வி அவசரமானது. சர்வதேச எரிசக்தி முகமை 2023-இல் போட்ட கணக்கின்படி 2040-க்குள் உலகம் 8 கோடி கிலோமீட்டர் மின்பாதையைப் புதிதாகப் போடவோ மாற்றவோ வேண்டும். இன்று உலகில் இருக்கும் மொத்த மின்வலையமைப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு சூரிய மின் பண்ணையை ஓரிரு ஆண்டுகளில் எழுப்பிவிடலாம். அதன் மின்சாரத்தை எடுத்துச் செல்லும் பாதைக்குத் திட்டம், அனுமதி, கட்டுமானம் எல்லாம் சேர்ந்து பத்தாண்டு பிடிப்பது சாதாரணம். பாதை வந்து சேராத ஒவ்வோர் ஆண்டும் எங்கோ நிலக்கரி எரிகிறது. ஆகவே சுற்றுச்சூழல் என்ற தராசில் கோபுரத்தால் கெடும் காட்சியையும் வெட்டுப்படும் மரத்தையும் மட்டும் வைத்தால் போதாது; தாமதத்தையும் அதே தட்டில் வைக்க வேண்டும்.

புதைத்துவிட்டால் தீர்ந்ததா?

விதிகளை ஒப்பிடும் முன் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். புதைவடம் கண்ணுக்கு நல்லது. மண்ணுக்கு நல்லது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

ஆறு கம்பிகள் கொண்ட 400 கிலோவோல்ட் இரட்டைச் சுற்றுக் கோபுரப் பாதை கடத்தும் மின்சாரத்தை நிலத்தடியில் கொண்டுபோக, கம்பிக்கு ஒரு வடம் என்று கணக்குப் போட முடியாது. காற்றில் தொங்கும் கம்பி தன் சூட்டைக் காற்றில் விட்டுவிடுகிறது. மண்ணைப் போர்த்திக்கொண்டு கிடக்கும் வடத்துக்கு அந்த வசதி இல்லை. அதனால் ஒரு கம்பியின் வேலைக்கு இரண்டு அல்லது மூன்று வடங்கள், மொத்தம் பன்னிரண்டு முதல் பதினெட்டு வரை, ஒன்றின் சூடு மற்றொன்றைத் தாக்காதபடி இடைவெளி விட்டுப் பரப்ப வேண்டியிருக்கிறது. பள்ளம், தோண்டிய மண்ணைக் குவிக்க இடம், லாரி ஓடத் தற்காலிகச் சாலை எல்லாம் சேர்த்தால் கட்டுமானக் காலத்தில் 40 மீட்டருக்கும் அகலமான பட்டை கிழிபடும். நன்செய் நிலமாக இருந்தால் மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்துவிடாமல் தனித்தனியே எடுத்து வைத்து மூட வேண்டும். பழைய வடிகால் குழாய்கள் அறுபட்டால் திரும்ப இணைக்க வேண்டும். சதுப்பு நிலத்தின் நடுவே இப்படி ஒரு பள்ளம் போனால் அதன் நீரோட்டமே மாறிவிடும். வேலை முடிந்த பிறகும் அந்தப் பட்டையில் ஆழமாக வேர்விடும் மரம் வைக்கக்கூடாது. கோபுரப் பாதையில் நான்கு கால் ஊன்றிய இடம் போக மற்ற இடமெல்லாம் உழவுக்குத் திரும்பிவிடும். உயரமாக வளரும் மரத்துக்குத்தான் தடை.

இரண்டாவது சிக்கல் இயற்பியல் சார்ந்தது. கொள்கை பேசுபவர்கள் இதைத்தான் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். மாறுமின்னோட்டம் (ஏ.சி.) ஓடும் புதைவடம் ஒரு நீண்ட மின்தேக்கியைப் போல நடந்துகொள்ளும். தன்னை நிரப்பிக்கொள்ளவே ஒரு பங்கு மின்னோட்டத்தைக் குடிக்கும். நீளம் ஏற ஏற, வடத்தின் கொள்ளளவில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும். 400 கிலோவோல்ட்டில் ஐம்பது, அறுபது கிலோமீட்டரைத் தாண்டினால் இடையிடையே ஈடுசெய்யும் நிலையங்கள் இல்லாமல் ஒப்பேறாது. நேர்மின்னோட்டத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. உலகில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் உயர் அழுத்தப் புதைவடங்கள் நேர்மின்னோட்டத்தில் ஓடுவதன் காரணம் இதுதான். அதற்கும் விலை உண்டு. இரு முனைகளிலும் ஒரு வகை மின்னோட்டத்தை மற்றதாக்க, தொழிற்சாலை அளவுக்கு இடம் கேட்கும் மாற்றி நிலையங்கள் வேண்டும்; வழியில் இருக்கும் ஊர்களுக்கு நினைத்த இடத்தில் கிளை பிரித்துக் கொடுப்பதும் எளிதல்ல.

பழுது விஷயத்திலும் இரண்டும் வேறு வேறு குணம் கொண்டவை. காற்றில் தொங்கும் பாதையில் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை மின்னல் போன்ற தற்காலிகக் கோளாறுகள். சில நொடிகளுக்குள் தானாகவே மீண்டும் இணைந்துவிடும். புயல் வந்தால் கோபுரம் சாயலாம் என்பதும் உண்மை. புதைவடத்துக்குப் புயல் பயமில்லை. ஆனால் அதில் பழுது வந்தால் இடத்தைக் கண்டுபிடித்து, தோண்டி, புது இணைப்புப் போட்டு, சோதித்து முடிக்கச் சில வாரங்கள் ஆகலாம்.

காந்தப்புலம் பற்றிய அச்சத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாப் பொதுவிசாரணையிலும் அது எழும். மண் மின்புலத்தை மறைக்கும், காந்தப்புலத்தை மறைக்காது. வடத்துக்கு நேர் மேலே நிற்பவருக்கு, கோபுரக் கம்பிக்குக் கீழே நிற்பவரைவிடக் கூடுதல் காந்தப்புலம்கூட இருக்கலாம். ஆனால் பக்கவாட்டில் நகர நகர அது வெகு விரைவாகக் குறைந்துவிடும்.

செலவைப் பற்றிப் பல எண்கள் உலவுகின்றன. நிலத்தின் தன்மை, மின் அழுத்தம், கடத்தும் அளவு ஆகியவற்றைப் பொறுத்து அவை மாறும். பிரிட்டனின் பொறியியல், தொழில்நுட்ப நிறுவனம் 2025-இல் வெளியிட்ட ஆய்வு, புதைவடம் கோபுரப் பாதையைப் போல ஏறத்தாழ 4.5 மடங்கு செலவு பிடிக்கும் என்று சொன்னது. அந்தக் கூடுதல் தொகை மின் கட்டணத்தில் ஏறி, கோபுரத்தையே பார்க்காத கோடிக்கணக்கானவர்கள் தலையில் விழும். அதனாலேயே அது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. சில இடங்களில் அந்த 4.5 மடங்கு மலிவு. பிரான்சும் ஸ்பெயினும் பிரனீஸ் மலைத்தொடரின் குறுக்கே ஒரு புதிய இணைப்புக்காகப் பல ஆண்டுகள் எதிர்ப்பில் சிக்கிக் கிடந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் இத்தாலியப் பொருளாதார அறிஞர் மாரியோ மோண்டியை ஒருங்கிணைப்பாளராக நியமித்தது. முழுவதும் புதைத்த நேர்மின்னோட்டப் பாதையே வழி என்று அவர் முடிவு சொன்னார். ஏறக்குறைய 65 கிலோமீட்டர் நீளத்தில், அதிவேக ரயில் பாதையை ஒட்டி மலைக்குள் ஒரு சுரங்கமும் சேர்த்து, 2015-இல் 2,000 மெகாவாட் இணைப்பு ஓடத் தொடங்கியது. அங்கே மாற்று வழி மலிவான கோபுரம் என்று நினைப்பது பிழை. இணைப்பே இல்லாமல் இன்னும் இருபது ஆண்டு காத்திருப்பதுதான் உண்மையான மாற்று.

கோபுரம் இயல்பு என்னும் விதி

பிரிட்டனின் மின்வலையமைப்புக்கான தேசியக் கொள்கை அறிக்கை முதலில் 2011-இல் வந்தது; திருத்திய வடிவம் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்த வடிவம் சுற்றி வளைக்காமல் சொன்னது: பொதுவாகக் கோபுரப் பாதையே தொடக்கப் புள்ளி, தேசியப் பூங்கா போன்ற அறிவிக்கப்பட்ட நிலப்பரப்புகளுக்குள் மட்டும் புதைவடமே தொடக்கப் புள்ளி. எங்கே எது என்பதை எல்லைக் கோடு முடிவு செய்கிறது. வழக்குக்குப் போகிறவருக்கும் கட்டப்போகிறவருக்கும் தம் நிலை முதல் நாளிலேயே தெரிந்துவிடும்.

இதற்குள் ஒரு பழைய கைப்பக்குவமும் இருக்கிறது. 1959-இல் ஹோல்ஃபோர்டு பிரபு என்ற நகரமைப்பாளர் பாதை வகுப்பதற்குச் சில நெறிகளைத் தந்தார். எழில் மிகுந்த பெரும்பகுதிகளை முழுதாகத் தவிர்; தேவையற்ற திருப்பங்கள் வேண்டாம், ஏனெனில் திருப்பத்தில் நிற்கும் கோபுரம் பருத்துத் தெரியும்; வானத்தைப் பின்னணியாக வைக்காமல் மலையையும் மரங்களையும் பின்னணியாக வை. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அவை பயன்பாட்டில் இருக்கின்றன. கோபுரம் தவிர்க்க முடியாதது என்றால் அதை எங்கே நிறுத்துவது என்பதே பாதி சுற்றுச்சூழல் கொள்கை என்பதை அவர் புரிந்து வைத்திருந்தார். புதிய தலைமுறைக் கோபுரங்களும் வந்திருக்கின்றன. தென்மேற்கு இங்கிலாந்தில் ஹிங்க்லி அணுமின் நிலையத்துக்காக 35 மீட்டர் உயரத்தில், ஒற்றைக் கம்பமாக, ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில் நிறுத்தியிருக்கிறார்கள். பழைய பின்னல் கோபுரம் அங்கே 50 மீட்டர்.

எல்லைக் கோட்டு முறையின் குறை வெளிப்படையானது. பூங்கா எல்லையிலிருந்து அரை கிலோமீட்டர் வெளியே வாழ்பவரின் நிலப்பரப்பு அழகற்றதா? பட்டியலில் இடம்பிடித்த அழகுக்குப் பாதுகாப்பு, பட்டியலில் இல்லாத வாழ்வுக்குக் கோபுரம் என்று அது ஆகிவிடுகிறது. கிழக்கு இங்கிலாந்தின் புதிய பாதைகளுக்கு எதிராக எழும் கோபம் பெரும்பாலும் இந்த வகைப்பட்டது. ஆனால் கோபம் எந்த விதிக்கும் வரும். கணிக்கக்கூடிய விதிக்கு வரும் கோபத்தைக் கையாளலாம்.

புதைவடம் இயல்பு என்னும் விதி

ஜெர்மனியின் கதை இதற்கு நேர்மாறு. அதனால்தான் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

வடக்கே கடற்காற்றில் விளையும் மின்சாரத்தைத் தெற்கே தொழிற்சாலைகளுக்குக் கொண்டுவர, சூட்லிங்க் என்ற ஏறக்குறைய 700 கிலோமீட்டர் நேர்மின்னோட்டப் பாதை திட்டமிடப்பட்டது. தொடக்கத்தில் அது பெரும்பாலும் கோபுரப் பாதை. பவேரியாவில் எதிர்ப்பு வெடித்தது. அந்த மாநிலத்தின் அப்போதைய முதல்வர் ஹோர்ஸ்ட் ஸீஹோஃபர் அந்த எதிர்ப்போடு சேர்ந்து நின்றார். 2015 இறுதியில் சட்டம் மாறியது: இத்தகைய பெரிய நேர்மின்னோட்டப் பாதைகளுக்குப் புதைவடமே முதல் தேர்வு, கோபுரம் விதிவிலக்கு, குடியிருப்புப் பகுதி வீடுகளிலிருந்து 400 மீட்டருக்குள் கோபுரத்துக்கு இடமே இல்லை.

எதிர்ப்பு அடங்கும் என்று எதிர்பார்த்தார்கள். அடங்கியது ஓரளவுதான், அதுவும் ஆள் மாறியது. கோபுரத்துக்காக வகுத்த வழித்தடங்கள் புதைவடத்துக்குப் பொருந்தாததால், வழி தேடும் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. காட்சி கெடுகிறது என்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். மண் சூடேறும், வடிகால் கெடும், விளைச்சல் குறையும் என்று உழவர் அமைப்புகள் வந்தன. 2022-இல் முடிய வேண்டிய பாதை 2028-க்குத் தள்ளிப்போனது. இடைப்பட்ட காலத்தில் வடக்கே காற்றாலைகளை நிறுத்தச் சொல்லி ஈடு கொடுத்து, தெற்கே வேறு நிலையங்களை ஓட்டச் சொல்லிக் காசு கொடுத்து, ஆண்டுக்குப் பல நூறு கோடி யூரோ இந்தச் சமாளிப்புக்கே போகிறது. 2025-இல் அமைந்த கூட்டணி அரசு தன் உடன்பாட்டில், புதிய நேர்மின்னோட்டப் பாதைகளை இயன்றவரை கோபுரமாகவே போடலாம் என்று திரும்பிவிட்டது.

டென்மார்க்கும் இந்தச் சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிய நாடுதான். 2008-இல் அழுத்தம் குறைந்த பாதைகளையெல்லாம் மண்ணுக்கடியில் போடுவதாக அரசியல் உடன்பாடு ஏற்பட்டது. 2016-இல் செலவைப் பார்த்து அது சுருக்கப்பட்டது. புதிய 400 கிலோவோல்ட் பாதைகள் கோபுரத்துக்கே திரும்பின.

இதைப் படித்துவிட்டு “ஜெர்மானியர்கள் தவறு செய்தார்கள்” என்று முடித்துவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2015-இல் கோபுரத்தில் பிடிவாதமாக இருந்திருந்தால் இன்றைக்கு அந்தப் பாதை இருந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. அவர்கள் செய்த பிழை வேறு: வழித்தடம் பாதி வகுக்கப்பட்ட பிறகு விதியை மாற்றியது. ஆட்டம் நடுவில் இருக்கும்போது கோட்டை நகர்த்தினால் இரு தரப்புமே தோற்கும்.

விதி எழுதாமல் விட்டால்

இந்தியாவில் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் மின்பாதைகள் இல்லை. காட்டையோ சரணாலயத்தையோ தொட்டால் அதற்குரிய அனுமதி வேண்டும். மற்றபடி, 2003 மின்சாரச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு வழியாக, 1885 தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை மின்பாதை போடுபவருக்குக் கொடுத்துவிடலாம். தந்திக் கம்பம் நடுவதற்காக எழுதிய அதிகாரம் 800 கிலோவோல்ட் கோபுரத்துக்குத் துணை நிற்பது, சட்ட வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று. நிலம் கையகப்படுத்தப்படுவதில்லை, உரிமை உழவரிடமே இருக்கும், பயன்பாடு மட்டும் சுருங்கும். 400 கிலோவோல்ட்டுக்கு 46 மீட்டர், 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டத்துக்கு 69 மீட்டர் என்று பட்டையின் அகலம் வரையறுக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே சண்டை முழுவதும் பணத்தைச் சுற்றியே நடக்கிறது. மத்திய மின் அமைச்சகத்தின் 2015 வழிகாட்டுதல், கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதமும் கம்பி கடக்கும் பட்டைக்கு அதிகபட்சம் 15 சதவீதமும் என்றது. 2024 ஜூனில் அது 200 சதவீதமாகவும் 30 சதவீதமாகவும் உயர்ந்தது. நல்ல மாற்றம், ஐயமில்லை. ஆனால் இழப்பீடு என்பது முடிவு எடுத்த பிறகு பேசும் பேச்சு. பாதை ஏன் இந்த வழியாக வந்தது, ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஏன் போகவில்லை என்ற கேள்விக்கு அதில் பதில் கிடைக்காது.

ஒரே திட்டத்தில் இரு முகங்களையும் பார்க்க வேண்டுமானால் புகளூர்–திருச்சூர் பாதையைப் பார்க்கலாம். 320 கிலோவோல்ட் நேர்மின்னோட்டம், 2,000 மெகாவாட், 2021 பிப்ரவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. தமிழ்நாட்டு வயல்களின் மேல் கோபுரமாக வருகிற அது, கேரளத்தில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் மண்ணுக்கடியில் போகிறது. கேரளத்தில் நெருக்கமான குடியிருப்பு, நிலமின்மை என்று காரணங்கள் உண்டு, அவை பொய்யல்ல. ஆனால் எந்த அளவு நெருக்கம் இருந்தால் புதைக்கலாம் என்று முன்பே எழுதிய அளவுகோல் இல்லாதபோது, கொங்கு மண்டலத்து உழவருக்கு அது பாரபட்சமாகத் தெரிந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

எழுதாத விதியை இறுதியில் நீதிமன்றம்தான் எழுத வேண்டி வருகிறது. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் எஞ்சியிருக்கும் கானமயில் என்னும் பெரும் பறவைகள் சுமார் 150 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கனத்த உடல், நேர் முன்னே பார்க்கும் பார்வை மிகக் குறுகியது; கம்பியைப் பார்த்துத் திரும்புவதற்குள் மோதிவிடும். சூரிய ஒளியும் காற்றும் மிகுந்த அதே நிலத்தில்தான் புதிய மின்பாதைகளும் வந்தன. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அவற்றின் வாழிடங்களில் கம்பிகளைப் புதைக்க உத்தரவிட்டது. ஏறக்குறைய 99,000 சதுர கிலோமீட்டர் அந்த உத்தரவின் வீச்சுக்குள் வந்தது. உயர் அழுத்தப் பாதைகளை அவ்வளவு தூரம் புதைப்பது தொழில்நுட்பத்தில் நடவாது என்று அரசு முறையிட்டது. மேலே சொன்ன மின்தேக்கிச் சிக்கல் இங்கே வந்து நிற்கிறது. 2024 மார்ச்சில் நீதிமன்றம் ஒட்டுமொத்தத் தடையைத் திரும்பப் பெற்று, எங்கே புதைக்கலாம், எங்கே இயலாது என்று பார்க்க நிபுணர் குழுவை அமைத்தது. பருவநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து காக்கப்படும் உரிமையை அரசியலமைப்பில் அங்கீகரித்ததும் இதே தீர்ப்புதான். பறவையைக் காப்பதும் நிலக்கரியைக் குறைப்பதும் ஒரே தீர்ப்பில் எதிரெதிரே நிற்க நேர்ந்தது.

நிற்பதை முதலில் பார்

நியூசிலாந்து 2008-இல் மின்தொடரமைப்புக்கென ஒரு தேசியக் கொள்கை அறிக்கையைக் கொண்டுவந்தது. 1991 வள மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வந்ததால் உள்ளாட்சி மன்றங்கள் தங்கள் திட்டங்களில் அதற்கு இடம் கொடுத்தாக வேண்டியிருந்தது. தேசிய மின்தொடரை நடத்தும் டிரான்ஸ்பவர் நிறுவனத்தின் கையில் சுமார் 11,000 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. அறிக்கையின் கவனம் பெரும்பாலும் அதன் மேல்தான். இருக்கும் பாதைக்குப் பக்கத்தில் புதிதாக வீடு, பள்ளி, மருத்துவமனை வந்துவிடாதபடி இடைவெளிப் பட்டை ஒதுக்கச் சொன்னது. பாதைக்கு அருகே வீடு கட்டிக் குடியேறிவிட்டு, பிறகு பாதையை அகற்று என்று கேட்கும் நிலையை முளையிலேயே தடுக்கும் ஏற்பாடு இது. இன்னொன்று எனக்கு மிகப் பிடித்தது: பெரிய மேம்பாடு செய்யும்போது, ஏற்கெனவே இருக்கும் பாதிப்புகளையும் குறைக்க அந்தத் தருணத்தைப் பயன்படுத்து என்றது. ஆக்லாந்துக்குத் தெற்கிலிருந்து வந்து 2012-இல் ஓடத் தொடங்கிய 220 கிலோவோல்ட் பாதை, கிராமப்புறத்தில் கோபுரமாகவும் நகர விளிம்பில் கடைசிப் பத்து, பதினொரு கிலோமீட்டர் புதைவடமாகவும் அமைந்தது. பழைய 110 கிலோவோல்ட் பாதை ஒன்று அகற்றப்பட்டது.

இதே சிந்தனைக்கு ஜெர்மனியில் ஒரு வரிசை உண்டு: இருப்பதைச் செம்மையாக்கு, பிறகு வலுவாக்கு, அதற்குப் பிறகே புதிதாகப் போடு. காகிதத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வரிசை இது. செய்வதற்கும் வழி இருக்கிறது. எஃகு உள்ளீடு கொண்ட சாதாரண அலுமினியக் கம்பி சூடேறினால் தொய்யும். தொய்ந்தால் மரத்தையோ வீட்டையோ நெருங்கும். அதனால் அதில் ஓட்டும் மின்சாரத்துக்கு வரம்பு வைக்கிறார்கள். கூட்டுப்பொருள் உள்ளீடு போன்ற புதிய வகைக் கம்பிகள் இரு மடங்கு சூட்டிலும் அவ்வளவு தொய்வதில்லை. பழைய கோபுரங்களிலேயே கம்பியை மட்டும் மாற்றினால் கடத்தும் அளவு கிட்டத்தட்ட இரட்டிப்பாகலாம். காற்று அடிக்கும் நேரத்தில் கம்பி குளிர்ந்து கூடுதல் சுமை தாங்கும் என்பதைக் கணக்கில் எடுத்து, வரம்பை நேரத்துக்கு நேரம் மாற்றுவது இன்னொரு வழி. அமெரிக்காவின் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2021-இல், சுற்று வெப்பநிலைக்கு ஏற்ப வரம்பைத் திருத்தும்படி மின்தொடர் நிறுவனங்களுக்கு ஆணையிட்டது.

இதற்கும் ஓர் இருண்ட பக்கம் உண்டு. அதை வல்லுநர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. “இருப்பதை முதலில் பார்” என்றால், நாற்பது ஆண்டுகளாகக் கம்பிக்கடியில் வாழ்ந்தவர்மேல்தான் அடுத்த சுமையும் ஏறும். ஏற்கெனவே கொடுத்தவரிடமே மறுபடி கை நீட்டுவது போல. நியூசிலாந்து சொன்ன ‘பழைய பாதிப்பையும் குறை’ என்ற நிபந்தனை சேராவிட்டால், சிக்கனமான இந்த விதி அநியாயமான விதியாகிவிடும்.

என் தேர்வு

ஓர் அரசு என்னிடம் கேட்டால் நான் சொல்லும் வரிசை இது. முதலில், புதிய பாதை வேண்டும் என்று வருபவர் பழைய பாதையில் கம்பி மாற்றம், வரம்புத் திருத்தம் இரண்டையும் பார்த்துப் போதாது என்று காட்டட்டும். போதாது என்றான பின் கோபுரமே இயல்பு. புதைவடம் மூன்று வகை இடங்களுக்கு: குறிப்பிட்ட அளவுக்கு மேல் நெருக்கமான குடியிருப்பு, அறிவிக்கப்பட்ட நிலப்பரப்பு, கானமயில் போல மோதலால் அழியக்கூடிய உயிரினத்தின் வாழிடம். கடைசி வகையில் புதைக்க இயலாத அழுத்தம் என்றால் வேறு வழியாகச் சுற்றிப் போக வேண்டும். சுற்ற முடியாத இடத்தில் அந்த மின்நிலையத்தை அங்கே வைத்ததே தவறு என்று அரசு ஒப்புக்கொள்ள வேண்டும். கம்பியில் தொங்கவிடும் பறவை எச்சரிப்பான்கள் உதவும், ஆனால் எல்லா மோதலையும் தடுக்காது. இந்த வரிசையில் சேமித்த பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, ஒவ்வொரு புதிய நெடும்பாதைக்கும் எங்காவது பழைய பாதை ஒன்றைக் கழற்ற வேண்டும். பிரிட்டனில் டோர்செட் மாவட்டத்தின் எழிற்பகுதியில் 8.8 கிலோமீட்டரைப் புதைத்து 22 கோபுரங்களை 2022-இல் கீழிறக்கினார்கள். கோபுரம் இறங்குவதையும் மக்கள் பார்த்திருந்தால்தான் ஏற்றுவதற்குக் கேட்கும்போது காது கொடுப்பார்கள்.

இழப்பீடு இந்த வரிசைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. தாராளமாக, ஆண்டுதோறும் வருவாயாகக் கொடுத்தாலும் சரி. ஆனால் “இவ்வளவு தருகிறோம், அதனால் வழியைப் பற்றிக் கேட்காதே” என்ற பேரமாக அது மாறக்கூடாது.

இவற்றையெல்லாம்விட ஒன்றில்தான் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மேலே சொன்ன மூன்று வகை இடங்களின் வரைபடம், மின் உற்பத்திக்கான ஏலம் விடுவதற்கு முன்னால் வெளிவந்திருக்க வேண்டும். கானமயில் விஷயத்தில் ஏலம் முதலில் போனது, பாதை பின்னால் வந்தது, வழக்கு அதற்கும் பின்னால் வந்தது. எந்த நிலம் முன்னுரிமைப் பகுதி என்று எல்லைகளை மறுபடி வகுக்க 2024-இல் குழு உட்கார்ந்தபோது, அந்த நிலத்தில் கம்பிகள் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தன.